மண்ணுக்குள் கிடந்த கடிதங்கள்: நோவ்கொரோட் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என் மகள் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் மருத்துவம் படிக்கிறாள். வருகிற யூன் மாதம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். அங்குள்ள அரண்மனைகளை அவளே காட்டிவிடுவாள். அந்நகரத்தைவிடப் பழைமையான ருஷ்ய நகரம் ஒன்றையும் பார்த்து வர ஆசைப்படுகிறோம். எங்கே போகலாம்? (கொக்குவில் வாசகர்)

பதில்: தயங்காமல் வெலிக்கி நோவ்கொரோட்டுக்குப் போங்கள். சென் பீற்றர்ஸ்பேர்க் 1703இல் எழுந்த நகரம். நோவ்கொரோட்டின் பெயரோ பழைய ருஷ்யக் காலக்குறிப்பேடுகளில் 859ஆம் ஆண்டிலேயே வருகிறது. பெயரின் பொருள் 'புது நகர்' என்றாலும், ருஷ்யாவின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்று இதுதான். சென் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தூரம். மின்சாரப் புகையிரதத்தில் மூன்று மணித்தியாலம் அளவில் போய்விடலாம். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரிரவு தங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

இல்மென் ஏரியிலிருந்து புறப்படும் வொல்கோவ் ஆறு நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் செங்கல் மதில் சூழ்ந்த கோட்டை. அதனுள்ளே 1045க்கும் 1050க்கும் இடையில் கட்டப்பட்ட புனித சோபியா பேராலயம். மறுகரையில் பழைய சந்தையும், வணிகர்கள் தங்கள் செலவில் எழுப்பிய சிறிய தேவாலயங்களும். 'வேச்சே' என்ற பொதுச்சபை கூடி, மணியடித்து, இளவரசனையே அழைக்கவும் அனுப்பிவிடவும் வல்லதாக இந்நகரம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 1478இல் மொஸ்கோவின் மூன்றாம் இவான் நகரத்தை அடக்கியபோது, அந்தச் சபையின் மணியைக் கழற்றி மொஸ்கோவுக்குக் கொண்டுபோனார். ஒரு நகரத்தின் வாயை அடைக்க அதன் மணியை எடுத்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: அங்கே பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய ஏடுகள் கிடைத்திருப்பதாக வாசித்தேன். அவை நமது பனையோலைச் சுவடிகளைப் போன்றவையா? (வட்டுக்கோட்டை வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: இக்கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, அம்மா. நான் நோவ்கொரோட்டைப் பற்றி எழுத விரும்பியதே இதற்காகத்தான்.

எழுதிய முறையில் இரண்டும் உடன்பிறப்புகள். பூர்ச்சப் பட்டையின் மென்மையான உட்பக்கத்தில், மையின்றி, இரும்பாலோ எலும்பாலோ செய்த எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். அந்த எழுத்தாணிகளும் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஆனால் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு உண்டு. நம்மவர் ஓலையில் காத்தது இலக்கியமும் மருத்துவமும் சோதிடமும். ஓலை பழுதானால் புதிய ஓலையில் படியெடுத்தார்கள், படியெடுக்கத் தகுதியுள்ளது என்று கருதியதே தப்பியது. அன்றாடக் கடிதத்தையும் கடன் கணக்கையும் யார் படியெடுப்பார்? நோவ்கொரோட்டிலோ அப்படி வாசித்துவிட்டு வீதியில் எறிந்த கடிதங்களே தப்பியிருக்கின்றன. களிமண்ணும் ஈரமும் நிறைந்த நிலம் காற்றை உள்ளே விடாததால், மரமும் தோலும் பட்டையும் உக்காமல் கிடந்தன. சேறு மூட மூட மக்கள் வீதியின் மேல் புதிய மரப்பலகைகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் இப்படி 28 அடுக்குகள் கண்டெடுக்கப்பட்டன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒவ்வோர் அடுக்கின் காலத்தையும் கணிக்க முடிவதால், அதனிடையே கிடந்த கடிதத்தின் காலமும் தெரிந்துவிடுகிறது.

முதற் கடிதம் 1951ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி கிடைத்தது. அகழ்வில் வேலை செய்த நீனா அக்குலோவா என்ற பெண், அழுக்குப் பட்டைச் சுருளொன்றில் கீறல்களைக் கண்டு எடுத்துக் கொடுத்தார். அகழ்வுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் ஆர்ட்டெமி ஆர்ட்சிகோவ்ஸ்கி சற்று நேரம் பேச்சிழந்து நின்றார் என்றும், பின்னர் இதற்காக இருபது ஆண்டுகள் காத்திருந்ததாகச் சொல்லி 100 ரூபிள் பரிசு அறிவித்தார் என்றும் கூறுவார்கள். இன்று அந்நகரில் மட்டும் கிடைத்த பட்டைகள் ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டன.

அவற்றில் என்ன இருக்கிறது? வரி, கடன், குதிரை, மீன், தானியம். அதனோடு மனித மனமும் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெண், மூன்று முறை ஆளனுப்பியும் இந்த வாரம் நீ வரவில்லையே, என்மீது என்ன குறை கண்டாய் என்று ஒருவனைக் கேட்கிறாள். இன்னொருத்தி, கணவன் தன்னைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை மணந்ததையும், தன் சொத்து அவன் கையில் இருப்பதையும் எழுதி உறவினனை வரும்படி அழைக்கிறாள். மிகித்தா என்பவன் உலியானாவிடம் நேரடியாகவே தன்னை மணக்கும்படி கேட்கிறான். அரசரும் துறவியரும் மட்டுமே எழுத்தறிந்த நாடு என்று நினைத்திருந்த அறிஞர்களுக்கு, பெண்களும் கைவினைஞரும் எழுதிய இந்தப் பட்டைகள் எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியையாக இருந்தவர் என்பதால் இன்னுமொன்றைச் சொல்கிறேன். இக்கடிதங்களின் எழுத்திலும் இலக்கணத்திலும் உள்ள விநோதங்களைப் படிக்காதவர் செய்த பிழைகள் என்றே நெடுங்காலம் கருதினார்கள். மொழியியலாளர் அந்திரேய் சலிஸ்நியாக் 1980களில் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை பிழைகளல்ல, நோவ்கொரோட் மக்களுக்கே உரிய பேச்சுவழக்கின் ஒழுங்கான விதிகள் என்று காட்டினார். யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கொச்சை என்று பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, இதை வாசித்த நாளில் உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: போரில் அந்நகரம் அழிந்துவிட்டது என்கிறார்களே. அப்படியானால் நாம் பார்ப்பது உண்மையான பழைய கட்டடங்களா? (நல்லூர் வாசகர்)

பதில்: 1941 ஓகஸ்ட் முதல் 1944 சனவரி 20 வரை நோவ்கொரோட் நாசிப் படைகளின் பிடியில் இருந்தது. விடுவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 2,500 கட்டடங்களில் நாற்பது அளவிலேயே நின்றன. கோட்டைக்குள் மிகேஷின் என்ற கலைஞர் வடிவமைத்து 1862இல் நிறுவிய ருஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச்சின்னம் கழற்றப்பட்டு, அதன் வெண்கலச் சிலைகள் பனியில் சிதறிக் கிடந்தன. போர் முடியுமுன்னரே, 1944இலேயே, அதை மீண்டும் நிறுத்தினார்கள். சோபியா பேராலயத்தின் பெரிய சிலுவைமேல் உலோகப் புறாவொன்று இருக்கும். அது அமர்ந்திருக்கும்வரை நகருக்குத் தீங்கில்லை என்பது ஊரார் நம்பிக்கை. போரில் வீழ்ந்த அச்சிலுவையை ஜேர்மனியரோடு சேர்ந்து போரிட்ட ஸ்பானியப் படைப்பிரிவினர் கொண்டுபோனார்கள். அது மட்ரிட்டிலிருந்து 2004இல் திரும்பி வந்து, இப்போது பேராலயத்தின் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே, சோபியா பேராலயத்தின் சுவர்கள் பழையவையே. வேறு பல கட்டடங்கள் இடிபாட்டிலிருந்து எழுப்பப்பட்டவை. 1198இல் கட்டிய நெரெதித்சா தேவாலயம் குண்டுவீச்சில் நொறுங்கி, பழைய அளவுகளின்படி மீளக் கட்டப்பட்டது. அதன் சுவரோவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. 1345இல் கட்டிய கொவல்யோவோ தேவாலயத்தின் கதை என்னை மிகவும் பாதித்தது. அலெக்சாந்தர் கிரெக்கோவும் அவருடைய மனைவி வலன்ரீனா கிரெக்கோவாவும் 1965 முதல் அந்த இடிபாட்டைச் சலித்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவரோவியத் துண்டுகளைப் பொறுக்கி, பல பத்தாண்டுகள் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். 1981இல் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடும் சுவடிகளோடும் தம் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊரவர்களாகிய நமக்கு, சாம்பலை எவராலும் இப்படிப் பொருத்த இயலாது என்பதும் தெரியும். அதனால்தான் அத்தம்பதியர் மீது எனக்கு அவ்வளவு மதிப்பு.

அக்காலத்து ஓவியத்தை அதன் இடத்திலேயே காண, சந்தைக் கரையில் இலின் வீதியிலுள்ள உருமாற்றத் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். கிரேக்கரான தியோபானெஸ் 1378இல் வரைந்த சுவரோவியங்கள் அங்கே உள்ளன. செம்மண் நிறமும் வெண்கோடுகளும் மட்டுமே கொண்டு அவர் துறவிகளின் முகங்களுக்கு ஊட்டிய ஒளியைப் படத்தில் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர். கோயிலுக்குப் போவதைப்போல அங்கும் ஏதாவது ஒழுங்கு உண்டா? பண அட்டை செல்லுமா? (சுன்னாகம் வாசகி)

பதில்: கிரேச்கா என்னும் தானியச் சோறு, காளான், உருளைக்கிழங்கு, கோவாச் சூப் ஆகியவற்றை நம்பலாம், சூப்பு இறைச்சிச் சாற்றில் வைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'போஸ்ட்னயே' என்றால் விரத உணவு. இறைச்சி, பால், முட்டை சேராது, ஆனால் மீன் சிலவேளை சேரும். தேவாலயத்துள் பெண்கள் தலையைத் துணியால் மூடுவதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதும் வழக்கம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வழிபாடு முழுவதும் நின்றபடியே நடக்கும். ருஷ்யாவுக்கு வெளியே வழங்கிய விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகள் 2022 முதல் அங்கே செல்லுபடியாவதில்லை, காசாகக் கொண்டுபோங்கள். போர்ச்சூழல் தொடர்வதால் புறப்படுமுன் வெளிவிவகார அமைச்சின் அறிவுறுத்தலையும் பாருங்கள்.

கேள்வி: என் ஏழு வயதுப் பேரனும் எங்களோடு வருகிறான். அவனுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (மானிப்பாய் வாசகர்)

பதில்: அவன் வயதுத் தோழன் ஒருவன் இருக்கிறான். பெயர் ஒன்ஃபிம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அச்சிறுவன் தன் பாடப் பட்டைகளை எப்படியோ வீதியில் தவறவிட்டான். அவற்றில் நெடுங்கணக்கும், நமது பிள்ளைகள் 'க, கா, கி' என்று எழுதுவதைப்போல மெய்யையும் உயிரையும் சேர்த்து எழுதிய வரிசைகளும் உள்ளன. பாதியில் அவனுக்குச் சலித்திருக்கவேண்டும்; எழுத்தை விட்டுவிட்டுக் குதிரைமேல் ஏறி ஈட்டியால் பகைவனைக் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரையே எழுதியிருக்கிறான். இன்னொன்றில் வால் சுருண்ட மிருகமொன்றை வரைந்து, நான் காட்டு விலங்கு என்று எழுதிவிட்டு, தானீலோ என்ற நண்பனுக்கு வணக்கமும் சொல்கிறான்.

விசயதசமியில் பேரனுக்கு ஏடு தொடக்கிய நாளை நினைவூட்டி, ஒன்ஃபிம் வரைந்த மனிதர்களின் கைகளை அவனுக்குக் காட்டுங்கள். குப்பை வாரியைப்போல் விரிந்த அக்கைகளில் ஒன்றில் மூன்று விரல், வேறொன்றில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். உங்கள் பேரன் எண்ணிச் சொல்லட்டும்.