விழுந்தவரின் குரல்

கேள்வி: பரிசோதனைத் திரைப்படங்களை ஒருமுறை பார்ப்பதற்கே பொறுமை போய்விடுகிறது. நீங்கள் மறுபடி பார்க்கச் சொல்கிறீர்கள், அதுவும் யாரோ கோர்த்துத் தரும் வரிசையில். தேவையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தேவைதான் அம்மா. ஹாலிஸ் ஃப்ராம்ப்டனின் 'நாஸ்டால்ஜியா' (1971) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார அடுப்பின் மேல் ஒரு புகைப்படம் சுருண்டு கருகுகிறது. பிறகு இன்னொன்று. கூடவே ஒரு குரல் விவரித்துக்கொண்டே போகிறது. ஆனால் சொல்வதும் தெரிவதும் ஒட்டவே இல்லை. குரல் பேசுவது அடுத்து வரப்போகும் புகைப்படத்தைப் பற்றி என்பது பிடிபடுவதற்குள் சில புகைப்படங்கள் சாம்பலாகியிருக்கும். மறுமுறை போகிறவருக்குத்தான் முதல் வார்த்தையிலிருந்தே கேட்டதை மனதில் ஏந்திக்கொண்டு, எரிவதையும் பார்க்க முடிகிறது.

இதை மைக்கேல் ஸ்னோவின் 'வேவ்லெங்த்' (1967) முடிந்த கையோடு திரையிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நியூயார்க்கில் ஒரு மாடி அறை. சுமார் 45 நிமிடம் கேமரா எதிர்ச்சுவரை நோக்கி நெருங்கிக்கொண்டே போய், அங்கே ஒட்டிய கடலலைப் புகைப்படத்தில் முடிகிறது. நடுவில் ஒருவர் உள்ளே வந்து விழுந்து சாகிறார். கேமரா நின்று பார்ப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. விழுகிறவர் ஃப்ராம்ப்டன். அடுத்து வரும் 'நாஸ்டால்ஜியா'வில் ஃப்ராம்ப்டனின் நினைவுகளை 'நான்' என்று வாசிப்பவர் ஸ்னோ! தான் செய்த ஒரு போஸ்டரால் ஸ்னோவின் மனம் கோணியது, அவரிடம் மன்னிப்புக் கேட்க ஆசை என்று ஃப்ராம்ப்டன் எழுதியதையும் ஸ்னோவே வாசிக்கிறார். செத்து விழுந்தவர் சிநேகிதனின் வாயால் பேசுவதுபோல் இருக்கும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்படிக் கோர்ப்பதும் ஒரு கலை. நியூயார்க்கில் 1970இல் தொடங்கிய ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் என்ற திரைப்படக் காப்பகம், 'எசென்ஷியல் சினிமா' என்று ஒரு படத் தொகுப்பை உருவாக்கி, அதைச் சுழற்சியாகத் திரும்பத் திரும்பத் திரையிடுகிறது. அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் இருந்த இயக்குநர் பீட்டர் குபெல்காவின் 'அர்னுல்ஃப் ரெய்னர்' (1960) வெறும் கறுப்பு, வெள்ளை ஃபிரேம்கள், இரைச்சல், மௌனம், ஆறரை நிமிடம். அரங்கில் வெள்ளை வரும்போதெல்லாம் சுவரும் பக்கத்து முகங்களும் பளிச்சிடும். அதைப் போனில் பார்க்காதீர்கள்.

அரங்கு கிடைக்காவிட்டால், முதலில் சொன்ன இரண்டையும் வீட்டிலேயே ஒரே மாலையில் பாருங்கள். ஸ்னோ முதலில். சில வாரம் கழித்து வரிசையை மாற்றிப் போடுங்கள். இந்தத் தடவை தரையில் விழுகிறவர் உங்களுக்கு முன்பே அறிமுகமானவராக இருப்பார்.