கை தூக்கும் முன் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள்

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் உயர்கணிதம், உயர்நிலை இயற்பியல் ஆகிய மேல்மட்டப் பாடங்கள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளாக, இறுதித் தேர்வு எழுதுகிறவர்களில் பாதிக்கு மேல் தோற்கிறார்கள். இந்தப் பாடங்களை எடுத்துவிடலாமா என்று நிர்வாகம் பெற்றோர் குழுவிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். தோற்ற பிள்ளைகள் மனம் உடைந்துபோவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதற்காகத் தேறுகிறவர்களின் வாய்ப்பைப் பறிப்பதும் நியாயமாகப் படவில்லை. என் மகளைப் பற்றிக் கவலையில்லை, ஏழாம் வகுப்பிலிருந்தே வெளியே தனிப்பயிற்சிக்குப் போகிறாள். பொதுநலனுக்காகத்தான் கேட்கிறேன். எந்தப் பக்கம் கை தூக்கட்டும்?
– ஒரு வாசகி

பதில்: பாடத்தை வைப்பதா, எடுப்பதா என்ற கேள்வி எனக்குப் பழகிப்போனது. பெற்றோர் கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள், ஒரு தலைமையாசிரியர்கூடக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன். “என் மகளைப் பற்றிக் கவலையில்லை” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடுவோம்.

ஏழாம் வகுப்பிலேயே ஏன் அனுப்பினீர்கள்? அந்த வயதில் யாரும் கால்குலஸ் என்கிற நுண்கணிதத்தில் தடுமாறுவதில்லை. பின்னத்திலும் விகிதத்திலும் குறை எண்களிலும்தான் தடுமாறுகிறார்கள். ஒருநாள் பிள்ளையின் நோட்டைப் புரட்டியிருப்பீர்கள். பள்ளியில் சொல்லித்தருவது போதாது என்று தெரிந்திருக்கும். தெரிந்ததும் பள்ளிக்குப் போய்க் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. உங்கள் பிள்ளையை மட்டும் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டீர்கள். பெற்றவள் அதைத்தான் செய்வாள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் அந்தப் பின்னத்தைச் சரியாகக் கற்காமலேயே எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறி உயர்கணிதத்துக்கு வந்து நிற்கிறார்கள். அவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது அந்தக் குழுவில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, எந்தப் பக்கம் கை தூக்குவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். இதற்குப் பொதுநலன் என்று பெயர் வேறு.

இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும். பெற்றோர் குழுவில் ஒருவர் இடம் ஏற்றுக்கொண்டால், அந்த அறைக்குள் இருக்கும் நேரம் முழுவதும் அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றவர். சொந்தப் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்வதற்கு வீடு இருக்கிறது, குழு எதற்கு?

இனி உங்கள் கேள்வி. பாடத்தை எடுக்கக் கூடாது. எடுத்தால் உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாது. தனிப்பயிற்சியில் அதையும் படித்துக்கொள்வாள். வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லாத, வெளியே அனுப்பப் பணமில்லாத பிள்ளைக்குத்தான் கதவு அடைபடும். அப்படியொரு பிள்ளை இந்த ஆண்டு தோற்றிருக்கலாம். இருந்தாலும் கல்லூரியில் அதே பாடம் இரண்டாம் முறை எதிரே வரும்போது, அது அவனுக்கு முன்பின் தெரியாத ஒன்றாக இருக்காது.

தேர்ச்சி சதவீதத்தைக் காட்டி உங்களை மிரட்டுவார்கள். பத்துப் பேரை மட்டும் பொறுக்கி எழுதவைத்துப் பத்துப் பேரும் தேறினால் நூறு சதவீதம். நாற்பது பேர் எழுதி இருபது பேர் தேறினால் ஐம்பதுதான். எந்தப் பள்ளியில் அதிகம் பேர் கற்றார்கள்? பலவீனமான மாணவனைத் தேர்வே எழுதவிடாமல் தடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று பலகை வைக்கும் பள்ளிகள் உண்டு. பாடத்தையே எடுத்துவிடுவது அதே தந்திரத்தின் பெரிய வடிவம்.

அமெரிக்காவில் ஹைமே எஸ்கலான்டே என்றொரு கணித ஆசிரியர் இருந்தார். பொலிவியாவில் பிறந்தவர். 1974-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். 1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர், கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். விடைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று தேர்வு நடத்தியவர்கள் 14 பேரைச் சந்தேகித்தார்கள். 12 பேர் மறுபடி எழுதி, 12 பேரும் தேறினார்கள். இந்தக் கதையை எல்லோரும் இதோடு நிறுத்திக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் குழுவுக்குத் தேவையானது இதற்கு முந்தைய பகுதி. 1978-ல் அவர் தொடங்கிய முதல் நுண்கணித வகுப்பில் கடைசிவரை நின்று தேர்வு எழுதியவர்கள் 5 பேர், தேறியவர்கள் 2 பேர். அங்கேயும் பாதிக்கு மேல் தோல்விதான். உங்கள் நிர்வாகத்தின் கணக்குப்படி அன்றைக்கே அந்த வகுப்பை மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. அதற்காக, தன்னம்பிக்கை வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் பேசிக்கொண்டும் இருக்கவில்லை. கீழ்வகுப்புகளின் இயற்கணிதத்தைச் சரிசெய்தார்கள். கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் அடித்தள வகுப்புகள் நடந்தன. 1987-ல் அதே பள்ளியில் முதல்நிலை நுண்கணிதத் தேர்வில் 73 பேரும், அதைவிடக் கடினமான தேர்வில் 12 பேரும் தேறினார்கள். 1991-ல் அவர் அங்கிருந்து போன பிறகு அந்த எண்ணிக்கை சரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரே ஆசிரியரின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்தால் அப்படித்தான் ஆகும்.

பாடம் இருக்கட்டும் என்றால் எல்லோரையும் பிடித்து அதில் தள்ளுங்கள் என்று பொருளில்லை. சேர்க்கை விளம்பரத்தில் பட்டியல் நீளமாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே சில பள்ளிகள் இந்தப் பாடங்களை வைத்திருக்கின்றன. சமன்பாட்டைத் தீர்க்கத் தடுமாறும் பிள்ளையை நுண்கணிதத்தின் வகையீட்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, முயன்றால் முடியும் என்பது கொடுமை.

மனம் உடைகிறது என்கிறீர்கள். ஆண்டு முழுவதும் வகுப்பில் “நன்று” வாங்கிய பிள்ளை வெளித்தேர்வில் மண்ணைக் கவ்வினால் உடையாமல் என்ன செய்யும்? அந்த “நன்று” பொய். உள்மதிப்பெண்களையும் தேர்வு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினார்களானால் கோளாறு எங்கே என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பது யார்? அனுபவம் மிக்கவரைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வைத்துக்கொண்டு, நேற்றுச் சேர்ந்தவரை ஏழாம் வகுப்புக்கு அனுப்புவதுதான் பல பள்ளிகளின் வழக்கம். இதை மாற்றச் சொல்லுங்கள். உயர்கணிதம் கேட்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் அடித்தளச் சோதனை வையுங்கள். அது ஆளை வடிகட்டுவதற்காக அல்ல, விடுமுறையில் எதைச் சொல்லித்தரவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. சேர்ந்த முதல் மாதத்துக்குள் சிரமம் என்று தெரிந்தால், புள்ளியியலுக்கோ சாதாரணக் கணிதத்துக்கோ பதிவேட்டில் கறை விழாமல் மாறிக்கொள்ள இடம் கொடுங்கள்.

இவற்றை நிர்வாகம் உடனே ஏற்றுக்கொள்ளாது. செலவு, ஆள் பற்றாக்குறை என்பார்கள். அதில் உண்மையும் இருக்கும். அப்போதுதான் உங்கள் முறை. “என் மகளை ஏழாம் வகுப்பிலேயே வெளியே அனுப்பினேன், இங்கே போதவில்லை என்பதால் அனுப்பினேன்” என்று எழுந்து சொல்லுங்கள். இங்கே தேறியவர்களில் எத்தனை பேர் அப்படி வெளியே படித்தவர்கள் என்று மற்றப் பெற்றோரையும் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அநேகமாக அந்த அறையில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

கூட்டத்துக்குப் போகும் முன் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். தனிப்பயிற்சிக்குப் போவதைத் தோழிகளிடம் அவள் மறைத்திருக்கக்கூடும். உங்கள் வாயால் வெளியே வரும் முன் அவளாகவே அவர்களிடம் சொல்லிக்கொள்ள இரண்டு நாள் கொடுங்கள்.