இகோரின் பாவசங்கீர்த்தனம்

அன்புள்ள ஐயா,

ருஷ்யச் சிற்றரசன் இகோரின் படையெடுப்பைப் பாடும் பழைய ருஷ்யக் காவியத்தை ஆங்கிலம் வழியாகப் படித்தேன். தாஷ்போக், ஸ்திரிபோக், வேலெஸ் என்று பழைய தெய்வங்கள்தான் அதில் நடமாடுகின்றன. கடைசியில் மட்டும் இகோர் கீவ் நகரத்து மாதா கோயிலுக்குப் போகிறான். அந்தப் போர் இலக்கியத்தில் கிறிஸ்தவம் வெறும் மேற்பூச்சுதானா? எதிரியை ‘அஞ்ஞானி’ என்று ஏசுவதைத் தவிர அதற்கு என்ன வேலை? மூலச்சுவடியே எரிந்துபோனது என்கிறார்களே, காவியத்தை நம்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுவடி 1812 மாஸ்கோ தீயில் போனது. அச்சு 1800இலேயே வந்துவிட்டது. அந்தச் சண்டையை அறிஞர்களிடம் விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது ‘மேற்பூச்சு’ என்ற இடத்தில்தான். ஒரே ஒரு நூலைப் படித்துவிட்டு ஒரு மரபுக்கே தீர்ப்பு எழுதலாமா? அதே 1185ஆம் ஆண்டுப் போரை இபாத்தியெவ் வரலாற்றேடு என்ற பழைய ருஷ்ய ஆண்டுக்குறிப்பு நூலும் சொல்கிறது. சில வாரங்களாக என்னைத் தூங்கவிடாத பகுதி அது.

இகோர் கையில் காயத்தோடு, எதிரிகளான போலொவ்த்ஸியர் என்ற புல்வெளி நாடோடிகளிடம் சிக்குகிறான். தம்பி விசெவொலொத் போரிடுவது தெரிகிறது. அவன் விழுவதைப் பார்க்குமுன் தன் உயிர் போய்விட வேண்டும் என்று மன்றாடுகிறான். அந்த நிலையில் அவனுக்கு நினைவு வருவது கிளெபொவ். பெரெயாஸ்லாவ்ல் பக்கத்து ஊர், ருஷ்யர்களின் ஊர், முன்பு அவனே சூறையாடியது. தகப்பனைப் பிள்ளைகளிடமிருந்தும் அண்ணனைத் தம்பியிடமிருந்தும் பிரித்தேன், அன்று உயிரோடிருந்தவர்கள் செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்கிறான். இப்போது என் தம்பி எங்கே, என் மகன் எங்கே என்று கதறுகிறான். செய்ததற்குக் கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறான். உண்மையில் இகோரே பேசினானா, எழுதியவர் பேச வைத்தாரா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தோற்ற அரசனின் வாயில் இந்தச் சொற்களை வைக்க ஒரு விசுவாசம் தேவைப்பட்டது. அதுதான் அதன் வேலை.

என் தாத்தா பர்மா போர்முனையிலிருந்து திரும்பியவர். போர்க்கதை என்று ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னதில்லை. தவக்கால வெள்ளிகளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே நெடுநேரம் முழங்காலில் இருப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் எழ மாட்டார். என்ன சொன்னார் என்று பாட்டிக்கும் தெரியாது. கிளெபொவ் வரிகளைப் படிக்கையில் எனக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. மேற்பூச்சு என்று நீங்கள் சொன்னதும் சுருக்கென்றது அதனால்தான்.

மாதா கோயிலையும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். சிறையிருப்பில் வழிபாட்டுக்காக ரூஸிலிருந்து, அதாவது தன் பழைய ருஷ்ய நாட்டிலிருந்து, குருவானவரை வரவழைத்துக்கொண்டவன் இகோர். தப்பியோடும் இரவிலும் திருப்படத்தையும் சிலுவையையும் வணங்கிவிட்டுத்தான் கூடாரத்தின் சீலையைத் தூக்குகிறான்.

போரிஸ், கிளெப் என்ற ருஷ்ய இளவரசப் புனிதர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அண்ணன்மேல் வாளெடுக்க மறுத்து 1015இல் மாண்ட போரிஸும் அவன் தம்பியும், 1240இல் நெவா ஆற்றங்கரைப் போருக்கு உதவ, ஒரு தரிசனத்தில் படகில் வரும் காவலர்களானது தனிக்கதை.

‘அஞ்ஞானி’ பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, தம்பி. இகோர் நொந்துகொள்வது கிறிஸ்தவ மண்ணில் சிந்திய இரத்தத்துக்காக மட்டும். வெள்ளிக்கிழமை வெற்றியில் அவன் ஆட்கள் வாரிச்சென்ற போலொவ்த்ஸியப் பெண்கள் காவியத்தில் வருகிறார்கள். அவன் புலம்பலில் அவர்களுக்கு இடமில்லை. மேற்பூச்சை விட்டுவிட்டு இதைப் பற்றி எழுதுங்கள், விரிவாகப் பேசுவோம். அதற்குமுன் வரலாற்றேட்டின் அந்தச் சில பக்கங்களைப் படித்துவிடுங்கள்.