வாசகர் கேள்வி – பதில்: லிங்க்கைத் தொட்டவர் யார், வாங்கியவர் யார்?

வாட்டர் ப்யூரிஃபையர், மிக்ஸி, இன்டக்‌ஷன் அடுப்பு என்று வீட்டுச் சாமான்களை ஒப்பிட்டுத் தமிழில் எழுதும் தளம் வைத்திருக்கிறேன். அமேசான் அசோசியேட்ஸில் மாதாமாதம் கமிஷன் வருகிறது. என் லிங்க் வழியாக வாங்கியவர்களின் மெயில் முகவரிகளை எங்கே எடுப்பது?
– ஈரோடு வாசகர்

எங்கேயும் எடுக்க முடியாது. எந்தப் பொருள், எத்தனை, கமிஷன் எவ்வளவு என்பதோடு அறிக்கை நின்றுவிடும். வாங்கியவர் யார் என்பது கடைக்கு மட்டுமே தெரியும். லிங்க் வழி விற்பனைக்குக் கமிஷன் தரும் பெரும்பாலான அஃபிலியேட் திட்டங்களில் இதுதான் நடைமுறை. உங்கள் கையில் இருப்பது, அவர் லிங்க்கைத் தொடுவதற்கு முன் உங்கள் பக்கத்தில் செலவிடும் சில நிமிடங்கள். முகவரி கேட்பதென்றால் அங்கேதான் கேட்க வேண்டும்.

அதைக் கேட்க ஒரு காரணமும் இருக்கிறது. லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்கினால், அல்லது கூடையிலாவது போட்டுவைத்துப் பிறகு வாங்கினால்தான் கமிஷன் உங்கள் கணக்கில் ஏறும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் ப்யூரிஃபையரை யாரும் பார்த்த அன்றே வாங்குவதில்லை. வீட்டில் கேட்பார்கள், சம்பளத் தேதிக்குக் காத்திருப்பார்கள். பத்து நாள் கழித்து நேராகக் கடைக்கே போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றுமில்லை. மெயில் இருந்தால் அவரைத் திரும்பவும் உங்கள் பக்கத்துக்கு வரவழைக்கலாம்.

“எங்கள் செய்திமடலில் சேருங்கள்” என்று கேட்டால் யாரும் முகவரி தரமாட்டார்கள். முடிவெடுக்க உதவும் ஒன்றைக் கொடுங்கள். ப்யூரிஃபையருக்கு என்றால் ஒரே பக்க அட்டவணை போதும்: தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) இவ்வளவு என்றால் இந்த வகை. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் (ஐ.எஸ். 10500) ஏற்கத்தக்க டி.டி.எஸ். வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு, உப்பைக் குறைப்பதற்காக மட்டும் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் வகை) வாங்கத் தேவையில்லை. டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். எழுதாத தளங்களே அதிகம்.

படிவத்தில் மெயில் முகவரியும் ஒரே ஒரு கேள்வியும் போதும்: உங்கள் வீட்டுத் தண்ணீர் போர்வெல்லா, கிணறா, குழாயா, லாரியா? பிறகு யாருக்கு எந்த மெயில் என்று பிரிக்க அந்த ஒரு பதிலே உதவும். பெயர், போன் நம்பர் என்று கட்டங்கள் கூடக் கூட நிரப்புகிறவர்கள் குறைவார்கள். ஒப்பீட்டு அட்டவணைக்கு நேர் கீழே படிவத்தை வையுங்கள். ‘வாங்க’ என்ற லிங்க்கை மட்டும் படிவத்துக்குப் பின்னால் பூட்டி வைக்காதீர்கள். இன்றைக்கே வாங்கத் தயாராக வந்தவரை அது திருப்பி அனுப்பிவிடும்.

பிறகு நான்கு மெயில் போதும். சேர்ந்த உடனே அட்டவணை. இரண்டாம் நாள் பொருத்தும் செலவும் வீணாகும் தண்ணீரும். ஐந்தாம் நாள் இரண்டு மூன்று மாடல்களின் வருடாந்தர ஃபில்டர் செலவு. பத்தாம் நாள் “வாங்கிவிட்டீர்களா?” என்ற கேள்வியும், ‘வாங்கிவிட்டேன்’, ‘இன்னும் இல்லை’ என்று இரண்டு லிங்க்குகளும். எந்த லிங்க்கைத் தொட்டார் என்பதை வைத்து அவருக்கு ஓர் அடையாளக்குறி போடும் வசதி பெரும்பாலான மெயில் சேவைகளில் உண்டு. கடை சொல்லாததை வாங்கியவரே சொல்லிவிடுகிறார்.

பட்டியலில் சேராமல் ஏற்கெனவே வாங்கிப் போனவர்களை இனிப் பிடிக்க வழி உண்டா?
– திண்டுக்கல் வாசகி

உண்டு. பொருளை வாங்கிய பிறகு ஒருவர் இணையத்தில் என்ன தேடுவார் என்று யோசியுங்கள். ஃபில்டரை எப்போது மாற்றுவது, சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது, உத்தரவாதம் எத்தனை மாதம்? அந்தக் கேள்விகளுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதி, ஒவ்வொன்றிலும் “வாங்கிய மாதத்தைச் சொல்லுங்கள், ஃபில்டர் மாற்ற வேண்டிய மாதமும் உத்தரவாதம் முடிவதற்கு 30 நாள் முன்பும் மெயிலில் நினைவூட்டுகிறோம்” என்று படிவம் வையுங்கள். எங்கே வாங்கியிருந்தாலும் சேரலாம் என்று சொல்லுங்கள்.

வண்டல் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் தண்ணீரைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டியவை. ஆகவே இந்த நினைவூட்டல் மெயில், பெறுபவரே எதிர்பார்த்திருக்கும் மெயில். ஃபில்டரின் கமிஷன் சிறிதுதான். ஆனால் ஆண்டுதோறும் வரும். மிக்ஸிக்கு ஜார், கேஸ்கெட் என்று இதே வழி செல்லும். இன்டக்‌ஷன் அடுப்புக்கு அப்படித் தொடர் தேவை எதுவும் இல்லை. அதில் நேரம் போட வேண்டாம்.

“என் லிங்க்கில் வாங்கி ஆர்டர் நம்பரை அனுப்பினால் இலவசக் கையேடு” என்று அறிவிக்கலாமா?
– நாகர்கோவில் வாசகர்

எந்தத் திட்டம் என்பதைப் பொறுத்தது. ஹோஸ்டிங், மென்பொருள், ஆன்லைன் வகுப்பு போன்றவற்றில் இப்படி போனஸ் கொடுப்பது பரவலான பழக்கம். போனஸ் கேட்கும் படிவமே வாங்கியவர்களின் பட்டியலாகிவிடும். பணத்தைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகு போனஸை அனுப்புங்கள். இல்லாவிட்டால் கையேட்டை வாங்கிக்கொண்டு ஆர்டரை ரத்து செய்வார்கள்.

அமேசானில் இது கூடாது. லிங்க்கைத் தொடுவதற்கோ வாங்குவதற்கோ பரிசு, தள்ளுபடி, பணம் எதையும் ஊக்கமாகக் கொடுப்பதை விதிகள் தடுக்கின்றன. கணக்கையே மூடிவிடலாம். மெயிலுக்குள் அமேசான் லிங்க்கை நேரடியாக வைப்பதும் சிக்கலான இடம். மெயிலில் உங்கள் தளத்துப் பக்கத்தின் லிங்க்கை வையுங்கள். கடை லிங்க் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். மெயிலிலிருந்து வருபவர்களுக்கென்று தனிப் பக்கம் போட்டு, அதற்குத் தனி டிராக்கிங் ஐடி (விற்பனை எந்த லிங்க்கால் வந்தது என்று காட்டும் குறியீடு) உருவாக்கினால், மெயிலால் எவ்வளவு விற்றது என்பது அறிக்கையில் தெளிவாகத் தெரியும். விலையை மட்டும் மெயிலில் எழுதாதீர்கள். காலையில் அனுப்பியது மாலையில் தப்பாகிவிடும்.

ஒரு லட்சம் முகவரிகளைச் சில ஆயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள்.
– சேலம் வாசகர்

வேண்டாம். கைவிடப்பட்ட முகவரிகளும், ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளும் அதில் கலந்திருக்கும். ஒரே அனுப்பலில் உங்கள் டொமைனின் (தள முகவரியின்) பெயர் கெட்டுவிடும். மெயில் சேவையும் கணக்கை நிறுத்தும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது.

முறையாகச் சேர்ந்தவர்களுக்கு அனுப்பியும் மெயில் ஸ்பேமில் விழுகிறது. ஏன்?
– கோவை வாசகி

முதலில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு வேறொரு மெயில் சேவை வழியாக அனுப்பினால் அது போலி மெயிலாகத்தான் தெரியும். சொந்த டொமைனில் முகவரி வேண்டும். அடுத்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் பதிவுகள், அதாவது மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க டொமைன் அமைப்பில் சேர்க்கும் வரிகள். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து இம்மூன்றையும் கட்டாயமாக்கியது. 500 பேருக்கு அனுப்பினாலும் மூன்றையும் செய்துவிடுவதே நல்லது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவு போடுவது. ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று வைத்திருக்கும், மெயில் சேவை சொன்னதென்று நீங்கள் இன்னொன்று சேர்த்திருப்பீர்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக இணைக்க வேண்டும். டிமார்க்கை முதலில் எதையும் தடுக்காத கண்காணிப்பு நிலையில் வைத்து, அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்குங்கள்.

ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, 0.1-க்குக் கீழேயே வைத்திருங்கள். ஆயிரம் பேரில் ஒருவர் புகார் செய்தாலே 0.1 ஆகிவிடும். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் இதை இலவசமாகப் பார்க்கலாம். பட்டியல் மிகச் சிறியதாக இருந்தால் அங்கே எண் தெரியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை. சுமார் 102 கேபி தாண்டிய மெயிலை ஜிமெயில் நடுவில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் ‘க’ மூன்று பைட், ‘கு’ ஆறு. அலங்கார டெம்ப்ளேட்டில் நீளமாகத் தமிழ் எழுதினால் வரம்பு சீக்கிரம் வந்துவிடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் லிங்க் அங்கேதான் இருக்கும். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். எளிய டெம்ப்ளேட், சின்ன மெயில், விலகும் லிங்க் மேலேயும் ஒன்று.

சேர்ந்தவர்கள் மெயிலில் ஒரு முறை உறுதி செய்ய வேண்டும் என்று வைத்தால் ஆள் குறைகிறதே?
– தஞ்சாவூர் வாசகர்

குறையத்தான் செய்யும். தவறாகத் தட்டச்சான முகவரிகளும் விளையாட்டுக்குப் போட்டவையும் அங்கேயே நின்றுவிடும் என்பதால் நஷ்டம் பெரிதில்லை. நன்றிப் பக்கத்தில் “இன்ன பெயரில், இன்ன தலைப்பில் மெயில் வரும், ப்ரமோஷன்ஸ் பகுதியிலும் பாருங்கள்” என்று எழுதுங்கள். உறுதி செய்த பிறகுதான் அட்டவணை கிடைக்கும் என்று வையுங்கள்.

பாதிப்பேருக்கு மேல் மெயிலைத் திறப்பதாகக் காட்டுகிறது. ஆனால் யாரும் லிங்க்கைத் தொடுவதில்லை.
– சென்னை வாசகி

திறப்புக் கணக்கை நம்பாதீர்கள். 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிளின் மெயில் செயலி தனியுரிமைப் பாதுகாப்பு வசதி இயங்கும் போன்களில் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. ஆள் பார்க்காமலே ‘திறந்தார்’ என்று பதிவாகும். க்ளிக், பதில் மெயில் இரண்டையும் எண்ணுங்கள். ஆறு மாதமாக எதையும் தொடாதவர்களுக்கு “தொடரட்டுமா?” என்று ஒரு மெயில் அனுப்பி, பதில் இல்லையென்றால் நீக்குங்கள். ஃபில்டர் நினைவூட்டலுக்காகச் சேர்ந்தவர்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு அடுத்த மெயிலே பத்து மாதம் கழித்துத்தான்.