மூணு ஏக்கர் கொல்லை இருந்தா நாய்க்கு போதுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். காவேரிப்பட்டினம் பக்கத்துல மாந்தோப்புக்குள்ளயே எங்க வீடு. பையனுக்கு பத்து வயசு, பொண்ணுக்கு ஆறு, ரெண்டும் நாய் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. பசங்களுக்கு புள்ளி போட்ட டால்மேஷன் மேல ஆசை, வீட்டுக்காரருக்கு லேப்ரடார். அவர் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை பாக்கறார். மூணு ஏக்கர் இருக்கு, அவுத்து விட்டா அதுவே ஓடியாடிக்கும்னு சொல்றார். எதை வாங்கறது?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: எந்த ஜாதின்னு பாக்கறதுக்கு முன்னாடி அந்த மூணு ஏக்கரை பத்தி பேசிடலாம்மா, ஏன்னா நம்ம பக்கம் நாய் வாங்கற நிறைய பேர் இதையேதான் சொல்றாங்க. கொல்லை எவ்ளோ பெருசா இருந்தாலும் நாய் தனியா ஓடாது. முதல் ரெண்டு நாள் எல்லாத்தையும் மோந்து பாக்கும், அப்புறம் வாசப்படியில வந்து படுத்துக்கிட்டு உங்க மூஞ்சியையே பாக்கும், யாரும் கண்டுக்கலைன்னா சொட்டுநீர் பைப்பை கடிச்சு குதறும், கோழியை துரத்தும், செடியை நோண்டும். அதுக்கு வேண்டியது இடம் இல்ல, கூட ஓட ஒரு ஆளு.

லேப் எதுக்கு வந்த ஜாதின்னு பாருங்க. கனடாவுல நியூஃபவுண்ட்லேண்ட்ங்கற தீவுல மீனவங்களோட தண்ணியில குதிச்சு வலை இழுத்துக்கிட்டு, தப்பிச்ச மீனை வாயில கவ்விக்கிட்டு வந்த நாய்ங்களோட வம்சம் அது, அப்புறம் இங்கிலாந்துல வேட்டைக்காரங்க சுட்ட வாத்தை எடுத்துட்டு வர வளர்த்தாங்க. அதனால எதையும் வாயில எடுக்காம அதால இருக்கவே முடியாது, செருப்பா இருந்தாலும் சரி மாங்கொட்டையா இருந்தாலும் சரி. டால்மேஷன் குதிரை வண்டி கூடவே மைல் கணக்கா ஓடறதுக்கு வளர்த்த ஜாதி, பாக்க அழகுதான், ஆனா அதோட ஓட்டத்துக்கு ஈடு குடுக்க உங்க வீட்ல ஆள் இருக்காங்களா? பிறவியிலயே காது கேக்காத குட்டிங்க அந்த ஜாதியில கணிசமா இருக்கு, மூத்திரத்துல கல் வர்ற தொந்தரவும் உண்டு. முதல் நாய்னா டால்மேஷன் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம்ம நாய்ங்க வெயிலை நல்லா தாங்கும், ரோமம் கம்மி, ஆனா முயலை துரத்தி பிடிக்கறதுக்குன்னே வந்ததுங்க, ஆடு கோழி வச்சிருக்கற வீட்ல சின்னதுலேர்ந்தே பழக்கணும்.

உங்க வீட்டுக்கு லேப் சரியா வரும், ஒரு கண்டிஷனோட. வளர்ந்த லேபுக்கு காலையும் சாயங்காலமும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாச்சும் நடை, ஓட்டம், விளையாட்டு வேணும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவர் காலைல அஞ்சரைக்கு நாயை கூட்டிட்டு போவாரா, இல்ல சமையலும் ஸ்கூல் வேனும் பாக்கற உங்க தலையிலயே அதுவும் விழுமா, இதை இன்னைக்கே உக்காந்து பேசிடுங்க. ஆள் இல்லைன்னா ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து அன்பா வளருங்க, பசங்களுக்கு அதுவும் அதே பாசத்தை காட்டும்.

வாங்கறதுன்னா ரெண்டு மாசம் நிறையாத குட்டியை வாங்காதீங்க, அப்படி விக்கறதே 2017 சட்ட விதிப்படி தப்பு. தாய் நாயை நேர்ல பாருங்க, அது ஆள பாத்து பயந்தாலோ உறுமினாலோ குட்டியை எடுக்காதீங்க. பார்வோங்கற வாந்தி, ரத்தபேதி நோய்க்கான தடுப்பூசி கோர்ஸ் நாலு மாசம் வரைக்கும் போகும், அதுவரை தெருவுல இறக்க வேண்டாம், ஆனா தூக்கிட்டு போய் டிராக்டர் சத்தம், சந்தை கூட்டம், பள்ளிக்கூட பசங்க எல்லாத்தையும் காட்டுங்க. ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல, அப்புறம் வருஷா வருஷம்.

இன்னொன்னு, தோப்புங்கறதால சொல்றேன். சீசன்ல கீழ விழற பழத்தை லேப் கொட்டையோட முழுங்கிடும், அது குடல்ல அடைச்சுக்கிச்சுன்னா ஆபரேஷன்தான். சோறு திங்காம வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் பாப்போம்னு விடாதீங்க, அன்னைக்கே கொண்டு போங்க.

கேள்வி: சார், எங்க லேபுக்கு ஏழு மாசம். யார் வந்தாலும் மேல தாவறான், எங்க பாட்டியை ஒரு தடவை கீழ தள்ளிட்டான். அதனால இப்ப பகல் முழுக்க கட்டித்தான் வச்சிருக்கோம், அடிச்சும் பாத்தாச்சு. அவுத்தா இன்னும் மோசமா இருக்கான்.
- கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: தம்பி, பாட்டிக்கு அடி எதுவும் படலையே? மொதல்ல அடிக்கறதை நிறுத்துங்க, பகல் முழுக்க கட்டறதையும் நிறுத்துங்க. பத்து மணி நேரம் கட்டிக்கிடந்த சின்னப்பய அவுத்ததும் தாவாம என்ன பண்ணுவான்? அது திமிர் இல்ல, சேர்ந்து போன சக்தி. விடியறதுக்குள்ள ஒரு நடை, வெயில் தாழ்ந்ததும் ஒரு நடை, ஆனா ஒரு வயசு தாண்டற வரைக்கும் பைக் பின்னாடி ஓட விடாதீங்க, இடுப்பு மூட்டு கெட்டுப்போகும். தார் ரோட்ல உங்க புறங்கையை அஞ்சு செகண்ட் வச்சு பாருங்க, உங்களுக்கு சுட்டா அதுக்கும் சுடும்.

தாவும்போது தள்ளாதீங்க, கத்தாதீங்க, அவனுக்கு அது விளையாட்டு. பேசாம திரும்பி நில்லுங்க. நாலு காலும் தரையில பட்ட அந்த நொடியே ஒரு துண்டு கோழிக்கறி. வீட்ல எல்லாரும் இதையே பண்ணணும், தாத்தா மட்டும் தாவ விட்டு கொஞ்சினா அவ்ளோதான், திரும்ப முதல்லேர்ந்து. பழகற வரைக்கும் பாட்டி வர்ற நேரம் மட்டும் கயிறு உங்க கையில இருக்கட்டும். அப்புறம் பழைய துணியை முடிச்சு போட்டு தூக்கி எறிஞ்சு ‘கொண்டா’, ‘விடு’ன்னு பழக்குங்க, அஞ்சு அஞ்சு நிமிஷமா ஒரு நாளைக்கு நாலு தடவை போதும். அது அவன் ரத்தத்துலயே இருக்கற வேலை, நல்லா களைச்சுப் போயிடுவான்.

கேள்வி: லேபுக்கு களி போடலாமா? எவ்ளோ போட்டாலும் இன்னும் கேக்குது.
- வாசகர், பென்னாகரம்

பதில்: ராகி களி தாராளமா போடலாம், ஆனா களி மட்டும் பத்தாது, முட்டையோ எலும்பு எடுத்த கோழியோ சேருங்க. வெங்காயம் போட்ட குழம்பை ஊத்தவே கூடாது, அது நாய் ரத்தத்தை கெடுக்கும். அது கேக்கற அளவுக்கு போடாதீங்க. லேப்ல சுமார் நாலுல ஒண்ணுக்கு வயிறு நிறைஞ்சது தெரியாத மாதிரி ஒரு மரபணு மாற்றம் இருக்குன்னு 2016-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியில கண்டுபிடிச்சாங்க. விலாவை தடவி பாருங்க, எலும்பு கையில தட்டுப்படணும், தட்டுப்படலைன்னா இன்னைலேர்ந்தே அளவை குறைங்க.