பொங்கலுக்கு ஊருக்குப் போகும் செலவைக் குறைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி மாணவர்களின் கேள்விகள்

கடலூரில் ஐந்து வருஷம் ஹாஸ்டல்வாசம், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அந்த அனுபவத்தில் ஜூனியர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, நாகர்கோவில் போகணும். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெயிட்டிங் லிஸ்ட்தான். கடைசியில் ஆம்னி பஸ்சுக்குத் தண்டம் அழுகிறேன். (கடலூர், இரண்டாம் ஆண்டு)

தம்பி, நீ டிசம்பரில் தேடியிருப்பாய். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 13 கிளம்ப நவம்பர் 14 காலையில் போனோடு உட்கார வேண்டும். 8.05க்குப் பல் தேய்த்துவிட்டு வந்தால் வெயிட்டிங்தான்.

இன்னொன்று, கடலூரிலிருந்து மட்டும் தேடாதே. நம் ஊர் வழியாகத் தெற்கே போகும் வண்டிகள் குறைவு. விழுப்புரத்தில் கன்னியாகுமரி, நெல்லை, பொதிகை எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் நிற்கும், பஸ்சில் போய் ஏறிக்கொள்ளலாம். இவற்றில் நாகர்கோவில் வரை போவது கன்னியாகுமரிதான். விழுப்புரத்திலிருந்து இடம் காட்டாவிட்டால் எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறுமிடத்தை விழுப்புரம் என்று கொடு. கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏறுமிடத்தை மாற்ற மறந்தால் மட்டும் வம்பு, இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ரயிலில் மாணவர் சலுகை உண்டு என்கிறார்கள். ஆப்பில் எங்கே தேடியும் இல்லையே?

ஆப்பில் இருக்காது, கவுண்டரில் மட்டும்தான். விடுமுறைக்குச் சொந்த ஊர் போய் வர இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம். கல்லூரி கையெழுத்தும் சீலும் போட்ட சலுகைப் படிவம் வேண்டும். தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்தில்தான், முன்பதிவுக் கட்டணம் முழுசாக உண்டு. கடைசி நேர முன்பதிவான தத்காலுக்குச் சலுகை கிடையாது.

முதல் தடவை நான் கொண்டுபோன படிவத்தில் சீல் பாதி மை இல்லாமல் நிலாப்பிறை மாதிரி விழுந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினார். அன்று மத்தியானம் முழுக்கக் கல்லூரி ஆபீஸ் வாசலில் நின்றேன். சீல் அடிக்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், பொங்கலுக்கு இந்தச் சலுகையை நம்பி வரிசையில் நிற்க மாட்டேன். முன்னால் நாலு பேர் இருந்தாலே டிக்கெட் தீர்ந்துவிடும். செமஸ்டர் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பாதிப் பணம் நிஜமாகவே மிஞ்சும்.

வெயிட்டிங் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறிவிடலாமா?

கூடாது. அபராதமும் கட்டி, பொதுப் பெட்டிக்கும் போக வேண்டிவரும். ஆன்லைனில் எடுத்தது சார்ட் (இடம் ஒதுக்கிய இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகி, கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதி வந்துவிடும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஊர் வரைக்கும் செல்லுமா அக்கா?

இல்லைம்மா, தமிழ்நாட்டு அரசின் சாதாரண டவுன் பஸ்சுக்குத்தான். ஹாஸ்டலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ செலவு மிச்சம், அதுவே பெரிசு.

ஊருக்குப் போகவில்லை. புதுச்சேரிக்கு நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள், கையில் காசில்லை.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், எவ்வளவு நேரம் நடந்தாலும் செலவில்லை. ஆரோவில்லில் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தை வெளியிலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்தில் இலவசச் சீட்டு தருவார்கள். ராத்திரி எல்லாரையும் உங்கள் அறையிலேயே படுக்க வையுங்கள். வார்டனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், என் அறையில் ஒரு தடவை சொல்லாமல் விட்டு, நடுராத்திரி லாட்ஜ் தேடி அலைந்தோம்.