‘நீ எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்றால் கவனம், தம்பி

தம்பி, வவுனியாவிலிருந்து மனைவியின் ஸ்பொன்சரில் பலேர்மோ வருவதாகவும், நகருக்கு வெளியே ஒரு இத்தாலியக் குடும்பம் நடத்தும் பட்டறையில் வேலை சரிவரும் போல இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயில் போட்ட மரக்கறி, உப்பில் போட்ட மீன், தக்காளி விழுது. வேலை எப்படி, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, பாஷை தெரியாமல் சமாளிக்கலாமா என்று நாலு கேள்வி. குளிருக்குப் பயப்படாதீர்கள், இது சிசிலி. வாடகையை மனைவியிடம் கேளுங்கள். எனக்கு முதல் கேள்வியைப் பற்றித்தான் கதைக்க வேண்டும். 1997 மார்கழியில் நான் வந்து நின்றதும் அப்படியான ஒரு வாசலில்தான்.

முதல் நாளே முதலாளி தோளில் தட்டி, ‘நீ இனி எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்றார். மத்தியானம் தங்கள் மேசையிலேயே இருத்திப் பாஸ்தா போட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வெளிக்கிட்டு ஐந்து மாதம், ஒருவரும் என்னை ‘இருந்து சாப்பிடு’ என்று சொன்னதில்லை. அந்தப் பாசம் பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே பாசத்தைச் சாட்டாக வைத்து ஒப்பந்தக் கடதாசி தள்ளித் தள்ளிப் போனது. எப்போது கேட்டாலும் ‘தொமானி’, நாளைக்கு. 1998இல் விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்தபோது வேலைக் கடிதம் ஒன்று கேட்டேன். வீட்டுப் பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று சிரித்தார். கடைசியில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டுக் கழுவிய வீட்டு அம்மா ஒருவர்தான் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பதினொரு வருடம் அந்தப் பட்டறையில் நின்றேன். பிறகு பத்ரொனாத்தோவுக்குப் போய் (இந்த அலுவல்களைக் காசு வாங்காமல் பார்த்துத் தரும் இடம், விலாசம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்) என் ஓய்வூதியப் பங்களிப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தால், நாலு வருடம்தான் பதிந்திருந்தது. அந்தக் கணக்குக்கு இங்கே ‘எஸ்த்ராத்தோ’ என்று பெயர். நாங்கள் ஆவணி வெயிலில் காயவைக்கும் தக்காளி விழுதுக்கும் அதே பெயர்தான், ஊர்ப் பேச்சில் ‘ஸ்த்ராத்து’. பத்துக் கிலோ தக்காளி போட்டால் ஒரு கிலோ விழுது தேறும். என் பதினொரு வருடமும் அப்படித்தான் வற்றிப் போயிருந்தது. பங்களிப்புக்கு ஐந்து வருடக் காலக்கெடு இருக்கிறது, அதைத் தாண்டினால் முதலாளியிடம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் நடக்காது.

அதனால் ஏப்ரன் கட்ட முதல் ஒப்பந்தம். மாதா மாதம் ‘பூஸ்தா பாகா’, அதாவது சம்பளச் சீட்டு. அதில் போட்டிருக்கும் மணித்தியாலமும் நீங்கள் வேலை செய்த மணித்தியாலமும் ஒன்றா என்று எண்ணுங்கள். எட்டு மணித்தியாலம் வேலை வாங்கி நாலு என்று எழுதுவது இங்கே பழைய கலை. மார்கழியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி உங்களுடையது, முதலாளி தரும் நத்தார் பரிசு இல்லை.

இதைச் சொன்னால் நம்மவர்கள் சிலர், ‘அண்ணை, காசு கையில் வருகுதுதானே, பிறகேன் கடதாசி’ என்பார்கள். காது கொடுக்காதீர்கள். இருபது வருடம் இருந்தும் ‘புவோன்ஜோர்னோ’வுக்கு மேல் ஒரு சொல் படிக்காதவர்கள், டாக்டரிடம் போகப் பள்ளிக்கூடப் பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். சமாளிக்கலாமா என்று கேட்டீர்களே, சமாளிக்கலாம், இப்படித்தான். இன்னொரு கூட்டம் இத்தாலியப் பாஸ்போட் கையில் விழுந்த கிழமையே லண்டனுக்கு ஏறியது. இப்போது அங்கிருந்து போன் எடுத்து, அங்கே வெயிலா என்று கேட்கிறார்கள்.

வேலையைப் பற்றியும் ஒன்று. ஊறுகாய் தெரியும் என்ற நினைப்போடு போய் நிற்காதீர்கள். நான் நின்றேன். கத்தரிக்காயைத் தோல் சீவி, விரல் மொத்தத்தில் வெட்டி, உப்புப் போட்டுப் பாரம் ஏற்றி ஒரு இரவு வைப்பார்கள். கறுத்த தண்ணீர் இறங்கும். பிறகு வினாகிரியில் அவித்து, சின்ன அழுத்தியில் போட்டுப் பிழிந்து, பூண்டும் மிளகாயும் ஒரேகானோவும் சேர்த்துப் போத்தலில் அடைத்து எண்ணெய் விட வேண்டும். பூண்டையும் வினாகிரியில் அவிக்க வேண்டும். அவித்தால் வாசம் போய்விடும் என்று நான் பச்சையாக வெட்டிப் போட்டேன். முதலாளியின் தாய், எல்லோருக்கும் நோன்னா (பாட்டி), ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் நசித்தார். முப்பது போத்தலும் குப்பைக்குப் போனது. ‘போத்துலீனோ’ என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

மண்ணில் இருக்கும் கிருமி. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லாத இடம்தான் அதற்கு வாய்ப்பு. மணமும் நிறமும் மாறாமலே இருக்கலாம், ஆனால் அது விடும் நஞ்சு சாப்பிட்டவனின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6க்குக் கீழே இருந்தால் (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) அந்தக் கிருமி வளராது. நம்முடைய தேசிக்காய் ஊறுகாயில் புளிப்பு காயிலேயே இருக்கிறது, அதனால் அம்மாவுக்கு வினாகிரி தேவைப்படவில்லை. கத்தரிக்காயிலும் பூண்டிலும் அது இல்லை. இத்தாலியில் இன்றைக்கும் இந்த நஞ்சு ஏறி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது பெரும்பாலும் வீட்டில் போட்ட போத்தலால்தான்.

ஒரு மாதம் என்னைக் கத்தி தொட விடவில்லை. போத்தல் கழுவினேன். வசந்தத்தில் மீன் வந்தபோது கூப்பிட்டார்கள். நம்முடைய நெத்தலியின் அண்ணன் மாதிரி ஒரு மீன். தலையைக் கிள்ளினால் குடலும் கூட வர வேண்டும். ஒரு வரிசை மீன், ஒரு வரிசை திராப்பனி ஊர் உப்பு, மேலே பாரம், அப்புறம் மாதக்கணக்கில் பொறுமை. உப்பு விரல் வெடிப்பில் இறங்கும்போது ஊர் முழுக்க ஞாபகம் வரும்.

அந்த வருடம் அம்மா அனுப்பிய பார்சலில் மோர்மிளகாய் வந்தது. பொரித்து நோன்னாவுக்குக் கொண்டுபோனேன். கடித்தார், கண்ணைத் துடைத்தார், எத்தனை நாள் வெயில் என்று கேட்டார். பகலில் காயும், இரவில் திரும்ப மோருக்குள் போகும், ஆறேழு நாள் என்று கையால் காட்டினேன். ஆவணியில் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். பலகைகளில் தக்காளி பரவியிருந்தது. கையை விட்டுப் புரட்டு என்றார். விழுது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. பனி விழ முதல் பலகையை உள்ளே எடுக்க வேண்டும். அதற்கு மகனைக் கூப்பிட மாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார்.

சரி தம்பி, அரிசியும் தூளும் பல்லரோச் சந்தைப் பக்கம் கிடைக்கும், சூட்கேசில் அடைக்காதீர்கள். மோர்மிளகாய் மட்டும் கொஞ்சம் கொண்டுவாருங்கள்.